உப்புத் தண்ணீரில் மின்சாரம்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோட்ஷெடிங் என்கிற சுழற்சி மின்வெட்டின் கொடுமை உச்சத்தில் இருந்த 2022, 2023 வருஷங்களில் ஒரு வீடியோ டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடாமல் சுற்றியது. ஒரு விளக்கு, அதில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பளிச்சென்று எரிகிறது. கடல் நம் வாசலில் இருக்கும்போது தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்கோமை எதற்கு நம்பியிருக்க வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். மின்வெட்டு இப்போது பெருமளவு குறைந்துவிட்டாலும் கேள்விகள் மட்டும் ஓயவில்லை. கோயில் வாசலிலும் ஞாயிறு தமிழ் வகுப்பிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நேராகச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா?

உப்புத் தண்ணீரிலிருந்து மட்டும் என்றால் முடியாது. உப்புத் தண்ணீரோடு வேறு ஏதாவது சேர்ந்தால் முடியும். அந்த வேறு ஏதாவது இரண்டு வகைப்படும். ஒன்று, கரைந்துபோகத் தயாராக இருக்கும் ஓர் உலோகம்: துத்தநாகம், மெக்னீசியம் மாதிரி. இன்னொன்று, உப்பு குறைவாக உள்ள தண்ணீர். இரண்டிலும் வேலை செய்வது ஒரு வேறுபாடுதான். இந்தப் பக்கம் ஒரு நிலை, அந்தப் பக்கம் வேறு நிலை, இரண்டும் சமநிலைக்கு வரத் துடிக்கின்றன, அந்தத் துடிப்பை நாம் கம்பி வழியாகத் திருப்பிவிடுகிறோம். வேறுபாடு தீர்ந்துவிட்டால் மின்சாரமும் தீர்ந்துவிடும். யாராவது ஒரு புதுக் கருவியைக் காட்டி “இது உப்பில் ஓடுகிறது” என்று சொன்னால், இதில் எந்த வேறுபாடு செலவாகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

அயனி என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துவிட்டது.

சமையல் உப்பைத் தண்ணீரில் போட்டால் அது வெறுமனே பொடியாவதில்லை, இரண்டாகப் பிரிகிறது. எலக்ட்ரான் ஒன்றை இழந்த சோடியம் நேர்மின்னூட்டத்தோடும், அந்த எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட குளோரின் எதிர்மின்னூட்டத்தோடும் தனித்தனியாக அலைகின்றன. மின்னூட்டம் கொண்ட இந்தத் துகள்கள்தான் அயனிகள். ஸ்வீடன் நாட்டு ஸ்வாண்டே அரீனியஸ் 1884இல் தன் ஆய்வேட்டில் இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டபோது அவருடைய பேராசிரியர்கள் அதை மதிக்கவில்லை, மட்டமான மதிப்பெண்தான் கொடுத்தார்கள். 1903இல் அதே வேலைக்காக வேதியியல் நோபல் பரிசு வாங்கினார்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு சோடியமும் குளோரைடும், மீதி மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவை. இத்தனை அயனிகள் இருப்பதால் கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடத்துவது வேறு, உண்டாக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி ஏமாற்று வியாபாரம் நடக்கிறது.

அப்படியானால் அந்த உப்பு விளக்கு எரிகிறதே, அது பொய்யா?

பொய் இல்லை, நிஜமாகவே எரியும். ஆனால் எரிபொருள் உப்பு இல்லை. விளக்கைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தகடோ கம்பியோ இருக்கும். அது மெக்னீசியம் அல்லது அதன் கலப்பு. எதிரே காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கும் ஒரு கரித்தகடு. மெக்னீசியம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது, அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியாகப் போய் விளக்கை எரியவைத்துவிட்டு ஆக்சிஜனிடம் சேர்கின்றன. உப்புத் தண்ணீரின் வேலை நடுவில் அயனிகள் போய்வர வழி விடுவது, அவ்வளவுதான். சில நாள் ஓட்டிய பிறகு அடியில் வெள்ளைக் களிம்பு படியுமே, அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கிற வெள்ளை மருந்தில் இருப்பதும் அதே பொருள்தான் (அதற்காக விளக்கில் படிந்ததைக் குடித்துவிடாதீர்கள்).

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ மெக்னீசியம் முழுக்கச் செலவானால், நடைமுறை வோல்ட்டேஜை வைத்துப் பார்த்தால் 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். கொஞ்சம் மெக்னீசியம் வேலை செய்யாமலே தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைப் பொங்கவிட்டு வீணாகும் என்பதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அந்த ஒரு கிலோ உலோகத்தை மின்பகுப்பு மூலம் பிரித்தெடுக்க மட்டும் 10 யூனிட்டுக்கு மேல் செலவாகியிருக்கும். ஆகவே இது தகட்டின் வடிவத்தில் கடைக்கு வந்த பழைய மின்சாரம். மீன்பிடிப் படகில், வெள்ளத்தில் கரண்ட் போன முகாமில், பல வருஷம் காய்ந்த நிலையில் வைத்திருந்து அவசரத்துக்கு எடுக்க, இது அருமையான பொருள். தினமும் வீட்டில் எரிக்கக் கட்டுப்படியாகாது, தகடு மாற்றியே கை காலியாகிவிடும்.

எலுமிச்சம்பழத்தில் ஆணியைக் குத்திப் போன் சார்ஜ் செய்கிற வீடியோ?

எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் செருகினால் சுமார் 0.9 வோல்ட் வரும். இதுவும் மேலே சொன்ன கதைதான். துத்தநாகம் கரைகிறது, பழச்சாற்றின் அமிலம் அயனிகளுக்கு வழி தருகிறது. வோல்ட் இருக்கிறதே என்று மயங்கக் கூடாது, ஓட்டம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு பழம் அரை மில்லி ஆம்பியர் தந்தாலே பெரிது. போன் பேட்டரியில் சுமார் 15 வாட்-மணி நேரம் கொள்ளும். ஒரே பழம் வாடாமல் நின்று உழைத்தால் அதை நிரப்ப ஏறத்தாழ நான்கு வருஷம் ஆகும். அந்த வீடியோக்களில் மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

உலோகம் எதுவும் கரையாமல், வெறும் தண்ணீரையும் உப்பையும் வைத்து எடுக்கவே முடியாதா?

முடியும்! இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் இது அவ்வளவு அழகான விஷயம்.

ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும்போது எதுவும் நடக்காத மாதிரி இருக்கிறது. சத்தம் இல்லை, சூடு இல்லை. ஆனால் கலந்த தண்ணீரை மறுபடி பிரிக்கப் பாருங்கள், எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்பது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்குத் தெரியும். பிரிக்கச் சக்தி வேண்டும் என்றால், கலக்கும்போது சக்தி வெளிப்பட்டாக வேண்டும். அது ஆற்று முகத்துவாரத்தில் பிடிப்பார் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் ஆற்றுநீர், ஏராளமான கடல்நீரில் கலக்கும்போது கோட்பாட்டளவில் சுமார் 0.75 யூனிட் கிடைக்கும். இதே சக்தி வேண்டுமானால் அந்தத் தண்ணீரை 270 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழவைக்க வேண்டும். உம்கேனி ஆறு விழுகிற ஹோவிக் அருவியின் உயரம் 95 மீட்டர். அதாவது அதே ஆறு டர்பனில் புளூ லகூன் வழியாகக் கடலில் சேரும்போது, கண்ணுக்குத் தெரியாத மூன்று ஹோவிக் அருவிகளின் உயரத்திலிருந்து விழுகிறது.

ரிச்சர்ட் பேட்டில் என்ற ஆங்கிலேயர் 1954இல் சவ்வுகளை அடுக்கி, உப்புநீரும் நல்ல நீரும் விட்டு, நிஜமாகவே மின்சாரம் எடுத்துக் காட்டினார். யோசனைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

எப்படி எடுக்கிறார்கள்? சவ்வு என்ன செய்கிறது?

இரண்டு வகைச் சவ்வுகள் இருக்கின்றன, பார்ப்பதற்கு இரண்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போலத்தான். ஒன்றின் உள்ளே எதிர்மின்னூட்டம் நிலையாகப் பதிந்திருக்கும். அது சோடியம் போன்ற நேர் அயனிகளை உள்ளே விடும், குளோரைடைத் தள்ளிவிடும். இன்னொன்று நேர்மாறு, குளோரைடை விடும், சோடியத்தைத் தடுக்கும். இவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே மிகச் சிறிய இடைவெளி விட்டு, ஓர் இடைவெளியில் கடல்நீர், அடுத்ததில் ஆற்றுநீர், அடுத்ததில் கடல்நீர் என்று ஓடவிட வேண்டும்.

இப்போது கடல்நீர் ஓடும் ஓர் இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சோடியம், உப்பு குறைந்த பக்கத்துத் தண்ணீருக்குப் போகத் துடிக்கிறது, ஆனால் வலப்பக்கச் சவ்வு மட்டும்தான் அதை விடும். குளோரைடும் போகத் துடிக்கிறது, அதற்கு இடப்பக்கச் சவ்வுதான் கதவு. எல்லாக் கடல்நீர் அறைகளிலும் இதே நடக்கிறது: சோடியம் எல்லாம் வலமாக, குளோரைடு எல்லாம் இடமாக. நேர் மின்னூட்டம் ஒரு திசையிலும் எதிர் மின்னூட்டம் மறுதிசையிலும் நகர்ந்தால் அது மின்னோட்டம்தானே! உப்பு தானாகக் கலப்பதை, சவ்வுகள் ஒழுங்குபடுத்தி ஒரே திசை மின்னோட்டமாக மாற்றிவிடுகின்றன.

ஆனால் அயனிகள் செம்புக் கம்பிக்குள் நுழைய முடியாது, கம்பியில் எலக்ட்ரான்தான் ஓடும். அதனால் அடுக்கின் இரு கோடியிலும் ஒவ்வொரு மின்முனை இருக்கும். அங்கே இரும்பு அயனிகள் கொண்ட ஒரு கரைசல் மாறி மாறி எலக்ட்ரானை வாங்கியும் கொடுத்தும் அயனி ஓட்டத்தை எலக்ட்ரான் ஓட்டமாக மாற்றிக்கொடுக்கும். நுண்துளைக் கரி மின்முனைகளை வைத்தும் செய்கிறார்கள். இந்த முறைக்குத் தலைகீழ் மின்பிரிகை என்று பெயர் சொல்லலாம்.

எத்தனை வோல்ட் வரும்?

ஒரு சவ்வுக்கு இருபக்கமும் உள்ள செறிவு பத்து மடங்கு வித்தியாசப்பட்டால், 25 டிகிரியில், 59 மில்லிவோல்ட். வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் தந்த சமன்பாடு இது. கடலுக்கும் ஆற்றுக்கும் சுமார் ஐம்பது மடங்கு வித்தியாசம் என்று வைத்தால் கணக்குப்படி ஒரு சவ்வுக்கு 100 மில்லிவோல்ட் வர வேண்டும். நிஜக் கரைசலில் 80 வரும், ஒரு ஜோடிக்கு 0.16 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கார் பேட்டரி அளவுக்கு 12 வோல்ட் காட்ட 75 ஜோடிகள் வேண்டும், சுமையைப் போட்டு அதிகபட்ச சக்தி எடுக்கும்போது பாதி வோல்ட்டேஜ் உள்ளேயே போய்விடும் என்பதால் 150 ஜோடிகள்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. ஆற்றுநீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வோல்ட்டேஜ் கூடும், ஆனால் சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் உள் மின்தடை ஏறி ஓட்டம் குறையும். கொஞ்சம் உப்பு கலந்த ஆற்றுநீர்தான் அதிக சக்தி தருகிறது. அதோடு மெக்னீசியம், சல்பேட் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிகள் வேண்டாத திசையில் போய் வோல்ட்டேஜைக் குறைக்கும். சுத்த உப்புக் கரைசலில் ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு கடலில் இறங்கினால் அது கிடைக்காது.

ஆற்றுநீரையும் கடல்நீரையும் வைத்து, ஒரு சதுர மீட்டர் சவ்வுக்கு ஏறக்குறைய 1 வாட் என்பதுதான் இப்போதைய சாதாரண நிலை. 2 கிலோவாட் கெட்டில் ஒன்றை ஓட்ட 2,000 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். இந்தத் துறையின் முழுக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொரு முறை இருக்கிறதாமே, அழுத்தத்தை வைத்து?

இருக்கிறது. அதில் உப்பை நகரவிடாமல் தண்ணீரை நகரவிடுகிறார்கள். தண்ணீரை மட்டும் விடும் சவ்வை நடுவில் வைத்தால் நல்ல நீர் உப்புநீர்ப் பக்கம் உறிஞ்சப்படும், அங்கே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்தில் டர்பைன் சுற்றும். சிட்னி லோப் என்பவர் 1970களில் இதை முன்வைத்தார், கடல்நீரைக் குடிநீராக்கும் தலைகீழ்ச் சவ்வூடுபரவல் சவ்வை உருவாக்கிய இருவரில் ஒருவரும் அவரே. இதில் அயனிகள் நேரடியாக மின்சாரம் தருவதில்லை, தண்ணீரை இழுக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

உலகத்தில் எங்காவது நிஜமாக ஓடுகிறதா?

நார்வேயின் ஸ்டாட்கிராஃப்ட் நிறுவனம் 2009இல் டோஃப்டே என்ற இடத்தில் அழுத்த முறையில் ஒரு மாதிரி நிலையம் திறந்தது. திறன் சில கிலோவாட்தான். சதுர மீட்டருக்கு 5 வாட் வந்தால் கட்டுப்படியாகும் என்று நினைத்தார்கள், அதற்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது, 2013 இறுதியில் கைவிட்டார்கள். நெதர்லாந்தில் ரெட்ஸ்டாக் என்ற நிறுவனம் அஃப்ஸ்லாட்டைக் என்ற நீண்ட கடலணையில் 2014இல் 50 கிலோவாட் அளவுக்குத் திட்டமிட்ட சோதனை நிலையத்தைத் தொடங்கியது. அணைக்கு ஒரு பக்கம் நல்ல தண்ணீர் ஏரி, மறுபக்கம் கடல், இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். அங்கே நடப்பது நான் மேலே விவரித்த சவ்வு அடுக்கு முறை.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025 ஆகஸ்டில் திறந்த நிலையம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அவர்கள் ஆற்றுக்கும் போகவில்லை, சாதாரணக் கடல்நீருக்கும் போகவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும்போது மிஞ்சுகிற, இரு மடங்கு உப்பேறிய கழிவுநீரை ஒரு பக்கமும், சுத்திகரித்த சாக்கடை நீரை மறுபக்கமும் விடுகிறார்கள். வேறுபாடு அதிகம், அதனால் சக்தி அதிகம், இரண்டும் எப்படியும் வீணாகக் கடலுக்குப் போக இருந்த தண்ணீர். வருஷத்துக்குச் சுமார் 8,80,000 யூனிட் எதிர்பார்க்கிறார்கள். சராசரியாக 100 கிலோவாட். அது பக்கத்துக் குடிநீர் நிலையத்துக்கே போகிறது. அந்தக் குடிநீர் நிலையம் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 50,000 கன மீட்டர் தரக்கூடியது, கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் தின்னும் வேலை அது, ஆகவே கிடைப்பது அதன் தேவையில் ஒன்றிரண்டு சதவீதம். சின்னதுதான், ஆனால் இரவு பகல், மழை வெயில் பார்க்காமல் வருகிறது.

நம் உம்கேனி முகத்துவாரத்தில் போடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, எனக்கும் ஆசைதான். புளூ லகூனில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் இந்தியப் பெருங்கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

குவாசூலு-நட்டாலில் மழை கோடையில்தான். ஜூன், ஜூலையில் ஆறு மெலிந்துவிடும், இருக்கிற தண்ணீரையும் மேலே இனாண்டா அணை நகரத்துக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கரண்டுக்காகக் கடலில் கலப்பது அநியாயம். முகத்துவாரத்துக்கு மிஞ்சி வரும் தண்ணீரை நம்பி அங்கே மீன்குஞ்சுகளும் அலையாத்தி மரங்களும் பறவைகளும் இருக்கின்றன. பிறகு சேறு. சவ்வு இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவாக இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆறு என்னென்ன கொண்டுவந்து கடற்கரையில் கொட்டியது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பழுப்பு நிறமாக ஓடும் அந்தத் தண்ணீரை வடிகட்டவே, கிடைக்கிற கரண்ட் முழுக்கப் போய்விடும்.

டர்பனுக்குப் பொருந்துவது ஃபுகுவோகா வழி. நம் நகரத்தின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து பெரிய குழாய்கள் வழியே கழிவுநீர் ஆழ்கடலில் விடப்படுகிறது. உப்பில்லாத தண்ணீர், கடலுக்குப் பக்கத்திலேயே. ஒரு பேச்சுக்கு, நன்றாகச் சுத்தம் செய்த தண்ணீர் நாளுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.75ஆல் பெருக்கினால் 75,000 யூனிட். நல்லபடி போனால் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வரும், 25,000 யூனிட், அதாவது சுமார் 1 மெகாவாட். லோட்ஷெடிங்கில் ஒரு ஸ்டேஜ் என்றால் 1,000 மெகாவாட் வெட்டு. ஆகவே இது எஸ்கோமுக்கு மாற்று இல்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் சொந்தப் பம்புகளில் சிலவற்றை இது ஓட்டும், மின்வெட்டு நேரத்தில் பம்பு நின்று சாக்கடை ஆற்றில் வழிவதைக் கொஞ்சமாவது தடுக்கும். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அதற்கு முதலில் வெள்ளத்தில் சேதமான நிலையங்கள் முழுமையாக ஓட வேண்டும், தண்ணீர் உண்மையிலேயே சுத்தமாகி வர வேண்டும். சவ்வு பொய் சொல்லாது, அழுக்கு வந்தால் அடைத்துக்கொள்ளும்.

உப்பேறிய கழிவும் வேண்டும் என்றால் மொசல் பே மாதிரி கடல்நீர் நிலையம் உள்ள ஊர்களைப் பார்க்க வேண்டும். அங்கே 2011இல் நாளுக்கு 15,000 கன மீட்டர் அளவில் ஒன்று கட்டினார்கள்.

மின்சார விலாங்கு இதே மாதிரிதான் செய்கிறதா?

அதேதான், அதுவும் நம்மைவிட நன்றாக. அதன் உடம்பில் ஆயிரக்கணக்கான தட்டையான செல்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் வேறுபாட்டை வைத்துச் சுமார் 0.15 வோல்ட் தருகிறது. மேலே சொன்ன சவ்வு ஜோடியின் 0.16ஐ நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்! 2019இல் விவரிக்கப்பட்ட ஒரு தென்னமெரிக்க இனத்தில் 860 வோல்ட் அளந்தார்கள், அதற்கு இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டாவின் பெயரையே வைத்தார்கள். வோல்ட்டா 1800இல் தன் அடுக்கு மின்கலத்தை அறிவித்தபோது அதை மின்திருக்கையின் உறுப்போடுதான் ஒப்பிட்டார். மின்திருக்கை நம் நட்டால் கடலிலும் உண்டு, மீன் பிடிப்பவர்கள் தெரியாமல் தொட்டுவிட்டுக் கையை உதறுவார்கள். 2017இல் விலாங்கைப் பார்த்து ஜெல் துளிகளால் ஓர் அடுக்கு செய்து 110 வோல்ட் வரவழைத்தார்கள் ஆய்வாளர்கள். ஓட்டம் மிகச் சிறியது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அயனிதானா?

ஆமாம். ஈய-அமில பேட்டரியில் கந்தக அமிலம் வெறும் வழி மட்டும் இல்லை, வேதிவினையிலும் பங்கெடுக்கிறது. பேட்டரி இறங்க இறங்க சல்பேட் அயனிகள் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும், அமிலம் நீர்த்துப்போகும். அதனால்தான் மெக்கானிக் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கிறார்: 1.27 பக்கம் காட்டினால் நிறைந்திருக்கிறது, 1.15க்குக் கீழே போனால் காலி.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விஷயம். தண்ணீர் குறைந்தால் வடிநீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடு, இரும்பு அயனிகள் உள்ளே தேவையில்லாத வினைகளைக் கிளப்பும். அமிலமும் ஊற்றாதீர்கள், அமிலம் ஆவியாவதில்லை, குறைந்தது தண்ணீர்தான். அப்புறம், முழுக்க இறக்கி அப்படியே விட்டுவிடக் கூடாது, சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். லோட்ஷெடிங் காலத்தில் கேட் மோட்டாருக்குள் இருந்த சின்ன 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் வரிசையாகச் செத்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். ஒரு மின்வெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவை முழுதாக ஏறவே நேரம் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

நிறைய, நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1980களில் பிரிட்டோரியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில் யோஹான் கூட்சர் குழு உருவாக்கியதுதான் ஸீப்ரா பேட்டரி. சமையல் உப்பும் நிக்கலும் வைத்து ஓடுவது, ஆனால் 300 டிகிரி அளவு சூட்டில், உருகிய நிலையில், சோடியம் அயனிகள் ஒரு பீங்கான் சுவர் வழியாகப் போய்வரும். அதே இடத்திலிருந்து போன மைக்கேல் தாக்கரே 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபோடு சேர்ந்து மாங்கனீசு ஸ்பினல் என்ற பொருளுக்குள் லித்தியம் அயனிகள் போய்வர முடியும் என்று காட்டினார். முதல் தலைமுறை மின்கார்கள் பலவற்றின் பேட்டரி அந்த வழியில் வந்தது.

பிறகு வனேடியம் என்ற உலோகம். புஷ்வெல்ட் பாறைகளில் அது ஏராளம், உலகில் அதிகம் எடுக்கும் நாடுகளில் நாமும் ஒன்று. வனேடியம் அயனிக்கு நான்கு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். கந்தக அமிலத்தில் கரைத்து, இரண்டு தொட்டிகளில் வைத்து, சவ்வுக்கு இருபுறமும் பம்பு செய்தால் ஒரு கலத்துக்குச் சுமார் 1.26 வோல்ட். இந்த வகை பேட்டரியை ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலாஸ்-கஸாகோஸ் 1980களில் உருவாக்கினார். அதிக நேரம் ஓட வேண்டுமா, பெரிய தொட்டி வையுங்கள். கரைசலிலுள்ள அயனிகளிலிருந்து மின்சாரம் என்ற சொற்றொடருக்கு இன்று மிகப் பொருத்தமான, கடையில் கிடைக்கும் எடுத்துக்காட்டு இதுதான்.

ஒரு சதுர மீட்டர் சவ்வுக்குப் பத்து லட்சம் வாட் என்று செய்தி படித்தேனே?

2016இல் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற பொருளின் மூன்றே அணு தடிமனுள்ள தாளில் ஒரே ஒரு நுண்துளையில் அளந்ததைப் பரப்பளவுக்குப் பெருக்கி வந்த எண் அது. துளைகளை நெருக்கமாக வைத்தால் உப்பு வேகமாகத் துளைவாயில் வந்து சேர முடியாமல் ஒன்றுக்கொன்று போட்டியாகிவிடும், பெருக்கல் கணக்கு உடைந்துவிடும். ஆராய்ச்சி நிஜம், அருமையானது. தலைப்புச் செய்திதான் அவசரப்பட்டது.

என் மகளுக்குப் பள்ளிக்கூட புராஜெக்ட். எலுமிச்சையைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ஒரே உலோகம், ஒரே உப்பு, செறிவு மட்டும் வேறு. இதைச் செய்யச் சொல்லுங்கள், ஆசிரியர் கண்டிப்பாகக் கேள்வி கேட்பார். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கொஞ்சம் வேண்டும். விஷம் என்பதால் கையுறை போட்டு, பெரியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும், சமையலறைப் பாத்திரம் கூடாது. ஒரு தம்ளரில் நல்ல நீல நிறக் கரைசல். அதில் பத்து மில்லி எடுத்து நூறு மில்லியாக நீர்த்து இன்னொரு தம்ளரில். ஒரே செம்புக் கம்பியை இரண்டாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றில் ஒன்று. மருந்துக்கடை எப்சம் உப்புக் கரைசலில் நனைத்த டிஷ்யூ தாளைச் சுருட்டி இரண்டு தம்ளர்களுக்கும் பாலமாகப் போடுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள்.

எளிய கணக்குப்படி 30 மில்லிவோல்ட், நடைமுறையில் 15 முதல் 25க்குள் காட்டும், செறிவு கூடிய பக்கம் நேர்முனையாக இருக்கும். மறுபடி பத்து மடங்கு நீர்த்தால் எண் ஏறும். கடைசியில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, பாதிப் பாதி ஊற்றி, கம்பிகளைத் துடைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். சுழியத்துக்கு வந்துவிடும்.

மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், மழைநீர்க் கால்வாயில் ஊற்றவே கூடாது, அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகும், செம்பு மீன்களைக் கொல்லும். ஒரு பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, பள்ளி ஆய்வகத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.